மலையோடு வயசுத் தகராறு

செஞ்சிக் கோட்டையோடு சண்டை போட எத்தனையோ ராஜாக்கள் வந்து போனார்கள். ஆனால் கோட்டை உட்கார்ந்திருக்கும் மலையோடு வயசுத் தகராறு பண்ணிய ஒரே மனிதர் எங்கள் கடைத்தெரு ‘ஆறாயிரம்’தான். என் எலக்ட்ரிகல் கடைக்கு எதிரே மரவாடி, அதாவது மரக்கடை, வைத்திருக்கிறார். உலகம் பிறந்து ஆறாயிரம் வருஷம்தான், பைபிள் கணக்கு அப்படி, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைச் சம்பாதித்தார். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை அவர் மகள் எஸ்தரோடு கோட்டைக்குப் போயிருந்தோம். “இந்தப் பாறைக்கு இருநூறு கோடி வருஷத்துக்கு மேல ஆவுது” என்றார் கைடு. தீர்ந்தது கதை! “நீ பார்த்தியா? அப்ப நீ இருந்தியா?” என்று பிடித்துக்கொண்டார் நம் ஆள். கைடு பாவம், தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவேயில்லை.

படியில் ஒரு குரங்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது.

“நைனா, அது கையைப் பாரு. விரலு, நகம் எல்லாம் நம்மளுது மாதிரியே இருக்குதே, ஏன்?” என்றாள் எஸ்தர்.

“ஒரே ஆள் செஞ்சா ஒரே மாதிரிதான் இருக்கும். நம்ம ஆசாரி செய்ற ஜன்னலெல்லாம் ஒரே மாதிரி இல்ல?”

குரங்கே ஒரு நிமிஷம் யோசித்தது.

வினை எங்கே வந்தது என்றால், எஸ்தருக்கு எம்.எஸ்ஸி. புவியமைப்பியலில், அதாவது பாறைகளைப் படிக்கும் படிப்பில், இடம் கிடைத்தது. “பொய்ப் படிப்புக்கு எம்பொண்ண அனுப்ப மாட்டேன்” என்று இவர் ஒரே பிடிவாதம். அவள் அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். கடைசியில் என் கடை வாசலிலேயே பந்தயம் கட்டினாள்.

“திருவக்கரைக்கு ஒரு தடவ வா நைனா. அங்க கல்லாக் கெடக்கிறது மரம் இல்லன்னு நீயே சொல்லிட்டா, படிப்ப விட்டுடறேன்.”

சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே கல்லாகிப் போன மரங்கள், லாரியிலிருந்து இறக்கிப் போட்டது போல நீளநீளமாகக் கிடந்தன. மரம் வாங்கும்போது பண்ணும் சடங்கையெல்லாம் இவர் ஆரம்பித்தார். தட்டினார். மோந்தார். நாக்கை நீட்டி நக்கியே விட்டார்!

“யோவ், இன்னாய்யா பண்ற?” என்று வாட்ச்மேன் ஓடிவந்தார்.

இவர் காதில் விழவில்லை. கிளை முறிந்த முடிச்சையே தடவிக்கொண்டிருந்தார். ‘கல்லு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெயம் அவருக்கு. எஸ்தர் மூச்சு விடாமல் நின்றாள்.

“மரம்தான்” என்றார்.

“ரெண்டு கோடி வருஷம் ஆவுது நைனா.”

“நீ பார்த்தியா?”

“நேத்து தேக்க அறுத்துட்டு, ‘வரி நெருக்கமா இருக்குது, அந்த வருஷம் மழையே இல்ல’ன்னியே, நீ பார்த்தியா?”

மனிதர் மறுபடியும் அந்த முடிச்சைத் தடவினார். திரும்பும் வழியில் டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்.

“ஆண்டவருக்கு அவசரமே இல்ல போலிருக்குது. நான்தான் அவர அவசரப்படுத்தினு இருந்தேன். போய்ப் படி, போ.”

எஸ்தர் அங்கேயே விம்மிவிட்டாள். இத்தனை வருஷமாக நான் கேலி பண்ணிய மனிதர்! செஞ்சி வந்து சேரும்வரை அவர் தோளில் போட்ட கையை நான் எடுக்கவேயில்லை.