சம்பந்தியின் நம்பர் பிளேட்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பத்து நாளாக ஒவ்வொரு படிவத்திலும் 'மேலே சொன்னவை அனைத்தும் உண்மை' என்று உறுதிமொழி கொடுத்துப் பழகிவிட்டதால், கை அந்த வார்த்தையை எழுத மறுக்கிறது.

தாங்கள் எனக்கு விற்ற கார் நல்ல கார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோளாறு காரில் இல்லை, நம் இருவரின் மரியாதையில் இருக்கிறது. அன்று தங்கள் வீட்டு வாசலில் நான் பணத்தை உறையில் போட்டு நீட்டியபோது, தாங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டே வாங்கி, எண்ணிப் பார்க்காமல் அலமாரியில் வைத்தீர்கள். விற்பனைப் படிவத்தை எடுத்தேன். "நமக்குள்ள என்ன சம்பந்தி கையெழுத்து? நாளைக்கு ரெண்டு பேரும் கோர்ட்டுக்கா போகப்போறோம்?" என்றீர்கள். இந்த நாட்டில் நம்பர் பிளேட் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குத்தான் சொந்தம். விற்றவர் அதைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும், வாங்கியவர் தன் பெயரில் புதிது வாங்கி மாட்ட வேண்டும் என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். "சம்பந்தி வீட்டுக்குப் போற வண்டியை மொட்டையாவா அனுப்புவாங்க? அப்படியே ஓட்டுங்க" என்றீர்கள். நான் "அதானே" என்றேன். நம் ஊரில் மின்கட்டணக் கவுண்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, 'கையெழுத்து இல்லையே, நாளைக்கு வாங்க' என்று ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். என் வாயிலிருந்து எப்படி அந்த 'அதானே' வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

பத்து நாள் சந்தோஷமாக ஓட்டினேன். என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்குத்தான் இந்தக் காரே என்பது தங்களுக்குத் தெரியும். பதினோராம் நாள் மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க கிளினிக் வாசல்ல வண்டியை நிறுத்தினதுக்கு அபராதம் மாமா பேருக்கு வந்திருக்கு. மாமா கட்டிட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. நான் சொன்னேன்னு நீங்களும் சொல்லிடாதீங்க" என்றாள். ஆகவே அவள் சொன்னதாக நான் இங்கே எழுதவில்லை. அது தானாகவே எனக்குத் தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஓடினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், கையில் தேநீர்.

"கார் யாரோடது?"

"என்னோடது."

"நம்பர்?"

"சம்பந்தியோடது."

"இப்ப எதையாவது இடிச்சீங்கன்னா யாரு பொறுப்பு?"

"அதைக் கேட்கத்தாங்க வந்தேன்."

"யாரும் இல்ல. சாவியை வீட்டுல வெச்சிட்டு அப்புறம் வாங்க" என்றாள். புது நம்பர் இருந்தால்தான் இன்சூரன்ஸ் போடுவார்களாம். பிளேட் கொடுக்கும் ஆபீசில் போய் நின்றால், இன்சூரன்ஸ் இருந்தால்தான் நம்பர் என்கிறார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் விற்றவர் கையெழுத்துப் போட்ட படிவம். அது இருந்தால் இரண்டு கதவும் திறக்குமாம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது எவ்வளவு உயரம் குறைவான இடம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. நான் திருப்பி அனுப்பிய அந்த ஆயிரம் பேரும் நல்லா இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் பெண்ணிடம் கட்டணத்தைக் கேட்டபோது உட்கார்ந்துவிட்டேன். குடும்பத்துக்குள் கைமாறிய கார் என்றால் தாங்கள் இருபது வருடம் இடிக்காமல் ஓட்டிய சலுகை எனக்கும் வருமாம், இல்லையென்றால் ஒன்றரை மடங்கு. அப்பாடா என்று படிவத்தைப் பார்த்தேன். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், அதற்குப் பிறகு 'மற்றவர்'. "சம்பந்தி எங்கம்மா?" என்றேன். "அப்படின்னா?" என்றாள். என் மகளுடைய கணவரின் அப்பா என்று விளக்கினேன். "அப்போ உங்களுக்குச் சொந்தம் இல்லை" என்றாள். கல்யாணத்தில் தங்கள் பக்கத்து ஆட்கள் நூற்று இருபது பேரை ஒருவர் விடாமல் உபசரித்தவனைப் பார்த்து! பணம் பெரிதில்லை, சம்பந்தி. பெரிதுதான், ஆனால் அதைவிட, தங்களை 'மற்றவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்கு முறை தங்களுக்குப் போன் செய்தேன். கையெழுத்து என்று ஆரம்பிப்பதற்குள் தாங்கள் பேத்திக்குப் பல் முளைத்த கதைக்குப் போய்விடுகிறீர்கள். எனக்கும் அது இனிப்பாகத்தான் இருக்கிறது. போனை வைத்த பிறகு பார்த்தால், கார் அப்படியே நிற்கிறது. என் மனைவி ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்குப் போய்வருகிறாள். நேற்று பஸ் படியில் ஏற முடியாமல் நின்றாள், பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இரவு முழங்கால் பந்து போல வீங்கியிருந்தது. எனக்கு அலுத்துவிட்டது, சம்பந்தி. வேறு வார்த்தை தெரியவில்லை. தயவு செய்து ஒரு நாள் வந்து தங்கள் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு, ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டுப் போங்கள். இதைக் கேட்பதால் தங்கள் மேல் எனக்குள்ள மதிப்பு இம்மியும் குறையவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பேத்தி பல்லும் சொல்லுமாக வளர எங்கள் ஆசிகள்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
சம்பந்தி

பின்குறிப்பு: இதை எழுதி, அனுப்பத் தைரியம் வராமல் நான்கு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதற்குள் தாங்களே நேற்று ஒரு பை ஆப்பிளோடு வந்துவிட்டீர்கள். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றீர்கள். எங்கள் பக்கம் சும்மா வர இரண்டு பஸ் மாற வேண்டும். தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் குட்டி ஸ்க்ரூடிரைவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததைத் தாங்களும் பார்த்தீர்கள். தாங்கள் வாங்கிய புதுக் காருக்கு மாட்டப் பிளேட் இல்லாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, மூன்று வாரமாகத் தாங்களும் பஸ்ஸில்தான் போகிறீர்கள் என்பதைப் பிறகுதானே சொன்னீர்கள், அப்போது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மணி நேரம் மழை வருமா வராதா என்று பேசினோம்.

அப்புறம் நடந்தது தங்களுக்கே தெரியும். காபி டம்ளர்களை எடுக்க வந்த இவள் தையல் மெஷின் பெட்டியிலிருந்து பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நாம் "ஐயையோ, இருங்க" என்று எழுந்து போவதற்குள் முன்பக்கம் முடித்துவிட்டுப் பின்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிளேட்டையும் கழற்றித் தங்கள் ஆப்பிள் பையில் போட்டாள். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

மேலே எழுதியிருக்கிற எதற்கும் இனி அவசியமில்லை. ஆனாலும் இவள்தான், "எழுதினதை அனுப்பிடுங்க, அவருக்கும் தெரியட்டும்" என்கிறாள். நேற்று நம் இருவர் கையையும் பிடித்தபடி நின்று அவள் சொன்னது எனக்கு இரவெல்லாம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது: "அவர் மனசு நோகக் கூடாதுன்னு நீங்க, உங்க மனசு நோகக் கூடாதுன்னு அவரு. என் கால் நோகுறதை ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவளைத் தாங்கிப் பிடித்தபடியே நாம் இருவரும் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டோம்.