வளைகாப்பில் வாசித்த கிட்டார்

மனைவியிடம் நேராகச் சொல்லத் துப்பில்லாதவர்கள் கலையைத் தேடிப் போகிறார்கள். நான் கிட்டாரைத் தேடிப் போனேன்.

செல்விக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்காக முத்துப்பேட்டைக்கு அழைத்துப்போக மாமியார் வேனோடு வருவதாக ஏற்பாடு. குழந்தை பிறந்து பல மாதம் கழித்துத்தான் திரும்புவாள். "போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்ல மட்டும் வரும்.) ஆகவே மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் புதுப்பிக்கும் நியோகிளாசிக்கல் பாணியில் சின்னதாக ஒரு கிட்டார் இசை அமைத்தேன். ஏ மைனர், டி மைனர், ஈ மேஜர். எனக்குத் தெரிந்த கார்டு என்கிற சுரக்கூட்டுகளே அவ்வளவுதான். ஒவ்வொரு தந்தியாக மெல்ல மீட்டினால், கிளம்பும் ஒருத்தி வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். வாசிக்கும்போதே கண் கலங்கியது. (என் வாசிப்பைக் கேட்டுக் கலங்கியவன் அதுவரை நான் ஒருவன்தான்.)

அன்று திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கப் பெண்கள். செல்வி கை நிறைய வளையலோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் ஓரமாக உட்கார்ந்து வாசித்தேன். எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். எதற்கென்று மாமியார் வாய் திறந்தபோதுதான் புரிந்தது.

"மாப்பிள்ளை, முன்னாடி மியூசிக் போதுங்க. பாட்டை ஆரம்பிங்க."

"பாட்டு இல்லைங்க அத்தை. இதான்... இவ்ளோதான்."

"வளைகாப்புல பாட்டு இல்லாம எப்படிங்க? வெக்கப்படாம பாடுங்க. வயித்துல புள்ளை கேக்குதுல்ல?"

பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். ஈ மேஜருக்குப் போக வேண்டியவன் எங்கேயோ போனேன். வாயைத் திறந்ததும், இத்தனை நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது கீச்சுக் குரலில் வெளியே வந்துவிட்டது.

"போகாத செல்வி... போகாதடி..."

அடுத்து எழுந்த சிரிப்பில் சந்தனக் கிண்ணம் கவிழ்ந்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. வளையல் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கோ கிட்டாருக்குள்ளேயே புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டிரைவர் தம்பி, முன் சீட்டைக் காலி பண்ணுங்க. மாப்பிள்ளையும் வர்றாரு."

போனேன். குழந்தை பிறந்து செல்வி திரும்பும்வரை அங்கிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். செல்விக்கு வைத்த பூண்டுக் குழம்பில் எனக்கும் பங்கு கிடைத்தது. உடம்பு தேறியது எனக்குத்தான்.

இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், என் பெயரை யாரும் சொல்வதில்லை. "அதோ, பிரசவத்துக்கு வந்த மாப்பிள்ளை போறாரு பாருங்க" என்கிறார்கள்.