மாட்டுக்குக் கோழி

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, கம்ப்யூட்டரைப் போட்டதும் விஜயபாண்டிக்கு ஒரு மாடு வந்திருந்தது.

திரையில்தான், இணையத்தில் ஆடும் தோட்ட ஆட்டம் ஒன்றிலிருந்து. வெள்ளையில் கறுப்புத் திட்டுப் போட்ட, இமை நீண்ட சீமை மாடு. ‘கர்ணன் உங்களுக்கு ஒரு மாடு அனுப்பியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறீர்களா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டது. கர்ணன் என்பது அவன் தங்கை கௌமாரியின் கணவன். கூடலூர்க்காரன். குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன்.

விஜயபாண்டி கொஞ்சமும் யோசிக்காமல் ‘வேண்டாம்’ என்பதை அமுக்கினான்.

காரணம், கொள்கை. கம்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் விஜயபாண்டி, டிவியில் கேசட் செருகி ஆடிய காலத்திலிருந்து வீடியோ கேம் ஆடுகிறவன். ஆட்டத்தைவிட அவனிடம் அபிப்பிராயங்கள் அதிகம். பிரிண்டருக்கு மை ஊற்ற வந்தவர்கூட அவற்றைக் கேட்காமல் வெளியே போக முடியாது. நண்பர்கள் சேரும் இணையதளத்திலும் எழுதித் தள்ளுவான். அதைப் படித்து ‘லைக்’ போடுகிற ஒரே ஜீவன் கர்ணன்தான்.

போன பொங்கலுக்கு வந்திருந்த கௌமாரியும் தப்பவில்லை. அவள் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருக்க, இவன் எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தான்.

"அப்பல்லாம் ஒரு கேசட் வாங்குனா முழு ஆட்டமும் அதுக்குள்ள இருக்கும் தாயி. தோத்தா நம்ம கையிலதான் கோளாறு. இப்ப முக்கா ஆட்டத்த வித்துட்டு, மிச்சத்துக்குத் தனியாக் காசு கேக்குறான். அதுலயும் இந்தத் தோட்ட ஆட்டம் இருக்கு பாரு, அது ஆட்டமே கெடையாது."

"பெறகு என்னண்ணே?"

"தந்திரம். மொதல்ல இனாமா ஒண்ணு குடுப்பான். வாங்குனா திருப்பிச் செய்யணும்னு மனசு உறுத்தும். அப்புறம் ஒரு செடி. நேரத்துக்கு வந்து பாக்கலேன்னா வாடிரும்பான். அப்புறம் உன்னால தனியா முடியாது, சொந்தக்காரங்களக் கூப்பிடும்பான்."

"வராத ஆளும் வந்துருவாகளா?"

"விழுந்தடிச்சு வருவான்."

கௌமாரி மொச்சைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பெண்களுக்கு இந்த விஷயங்களில் ஆர்வமில்லை என்று விஜயபாண்டி முடிவு கட்டினான்.

மாட்டை மறுத்த அன்று சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, அவுக சாப்புடாமப் படுத்துட்டாக."

"உடம்புக்கு என்ன தாயி?"

"உடம்புக்கு என்ன, மனசுதான். ஆசையா ஒரு மாடு அனுப்புனாகளாம். நீ வேணாம்னுட்டியாம்ல."

"அது வெளையாட்டு மாடு தாயி."

"எனக்கு என்னண்ணே தெரியும். செய்முறைன்னு ஒண்ணு செஞ்சா அதத் திருப்பி விடுறது எங்க பக்கம் வழக்கமில்லங்கிறாக. ஆவணியில கயலுக்குக் காது குத்து வேற வருது. யாரு மடியில உக்கார வைக்கிறதுன்னு என்னத்தையாவது பேசிருவாகளோன்னு பயமா இருக்கு."

செய்முறை என்பது இந்தப் பள்ளத்தாக்கில் சாதாரண விஷயமில்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு குத்துவிளக்கு வந்தால், அவர்கள் வீட்டு விசேஷத்துக்குக் குத்துவிளக்கோடு ஒரு தாம்பாளமும் போக வேண்டும். குறைத்துச் செய்தால் பேச்சு வரும். செய்யாமலே விட்டால் பகை வரும். வந்ததைத் திருப்பி அனுப்பினால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இதுவரை யாரும் அனுப்பியதில்லை.

தாய்மாமன் மடி விஜயபாண்டியுடையது. தங்கை மகள் கயல் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தப் பிள்ளை வேறொருவன் மடியில் உட்கார்ந்து அழுவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"கூடலூரு அரை மணி நேர பஸ்ஸு," என்றாள் அவன் மனைவி பேச்சி. "வருசத்துல ஒருக்கா எட்டிப் பாக்குறதில்ல. கேட்டா கடை, கடை. இப்ப வந்த மாட்டையும் வெரட்டியாச்சு."

மறுநாள் விஜயபாண்டி கொள்கையை மடித்து வைத்துவிட்டு ஆட்டத்துக்குள் நுழைந்தான். கர்ணனுக்கு ஒரு மாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் புதிதாகச் சேர்ந்தவன் அனுப்பக்கூடியது கோழி ஒன்றுதான் என்றது ஆட்டம். சரி, ஏதோ ஒன்று என்று கோழியை அனுப்பினான்.

"மாட்டுக்குக் கோழியாண்ணே?" என்றாள் கௌமாரி போனில்.

"மாப்ள என்ன சொன்னாக?"

"ஒண்ணுமே சொல்லல. தொடைச்ச ஜீப்பையே திரும்பத் தொடைச்சுக்கிட்டு இருக்காக."

"நான் நேர்ல வந்து சொல்லிர்றேன் தாயி."

"அதுதாண்ணே முறை."

புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கூடலூருக்குப் போனான். கர்ணன் சவாரி போயிருந்தான். கௌமாரி அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் சாப்பிடச் சாப்பிட, பழைய கதையெல்லாம் பேசினாள்.

"கேசட் ஆட்டத்துல எனக்கு ஒரு ரிமோட்டு குடுப்பியே. நான் ஆடுறதா நெனச்சு விரல் வலிக்க அமுக்குவேன். பெறகு பாத்தா ஒயரே சொருகல."

விஜயபாண்டிக்குச் சோறு புரையேறியது. சிரித்து முடித்தபோது கயல் அவன் செல்போனைப் பிடுங்கி வாயில் வைத்திருந்தது. பொழுது சாயும்வரை கர்ணன் வரவில்லை.

"வந்தா நான் எடுத்துச் சொல்றேண்ணே. ஆனா ஒரு கோழிய வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்ல."

ஆக, மாடு அனுப்பியே தீர வேண்டும். அதற்கு முதலில் விவசாயம் பார்த்து முன்னேற வேண்டும். விஜயபாண்டி திரையில் கத்தரி போட்டான். திராட்சை போட்டான். வாடிவிடாமல் இருக்கச் செல்போனில் அலாரம் வைத்தான்.

"காமயகவுண்டன்பட்டியில உங்க சித்தப்பா திராட்சைக் கொடிக்குக் கவாத்து முடிச்சு நாலு மாசம் காத்துக் கெடக்காக," என்றாள் பேச்சி. "உங்களுக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள காய்ச்சுருது."

ஒரு வாத்தியார் வந்து தன் கம்ப்யூட்டர் தயாரா என்று கேட்டார். "செத்த பொறுங்க சார், கத்திரிக்காய் முத்திருச்சு," என்றான் விஜயபாண்டி. அவர் கடைப் பெயர்ப் பலகையை மறுபடி ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருவழியாக மாடு வாங்கும் தகுதி வந்தது. வந்ததும், மாட்டுக்குக் கொட்டகை வேண்டும், கொட்டகைக்கு ஆணியும் பலகையும் வேண்டும், அவற்றை நண்பர்கள்தான் தர வேண்டும் என்றது ஆட்டம். கீழே பச்சையாக ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினான்.

அது அவனைக் கேட்காமலே அவனுக்குத் தெரிந்த எல்லோருக்கும் அறிவித்துவிட்டது: ‘விஜயபாண்டியிடம் ஆணிகூட இல்லை. கொட்டகை கட்ட வழியில்லாமல் தவிக்கிறார். நீங்கள் உதவ மாட்டீர்களா?’

கோயம்புத்தூரில் படிக்கும் சித்தப்பா மகள் அதைப் படித்தாள். பதறிப்போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மேலே பலகை. முன்னால் மடியில் ஆணி மூட்டையோடு சித்தப்பா அழகுமலை.

"ஏலே, கொட்டகை எங்கன போடப் போற?"

"என்ன கொட்டகை சித்தப்பா?"

"ஆணிக்கு வழியில்லாமப் போயிட்டியாம்ல. கடை ஓடலேன்னா எங்கிட்டச் சொல்ல மாட்டியா. ஊருல கேக்குறாக, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. திராட்சைப் பந்தல்ல மிச்சமான கல்லுக்கால் நாலு கெடக்கு, நாளைக்கு அதையும் ஏத்தி விடுறேன்."

விஜயபாண்டி அவரைத் திரை முன்னால் உட்கார வைத்து விளக்கினான். அழகுமலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தார்.

"இந்தத் திராட்சைக்கு மருந்து அடிக்க வேணாமா?"

"வேணாம் சித்தப்பா."

"மழை பெஞ்சு வெடிக்காது?"

"மழையே கெடையாது."

"யாவாரி வந்து வெலையக் கொறைக்க மாட்டானா?"

"யாவாரியும் கெடையாது."

அழகுமலை கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "நல்ல ஊராத்தான் இருக்கு," என்றார். கொண்டுவந்த பலகையைத் திருப்பி ஏற்றச் சம்மதிக்கவில்லை. செய்ததைத் திருப்பி அனுப்பும் பழக்கம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று பேச்சியிடம் கேட்டுவிட்டுப் போனார்.

விஜயபாண்டி முதல் வேலையாக அந்த அறிவிப்பை அழிக்கப் போனான். திரையில் என்னென்னவோ கேள்விகள் வந்தன. கோபத்தில் எல்லாவற்றுக்கும் ‘சரி’ போட்டான். ஆட்டம் இன்னொன்றை அறிவித்தது: ‘வழிதவறிய பசு ஒன்று விஜயபாண்டியின் இடத்துக்கு வந்து அழுதுகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு வீடு வேண்டும்.’

சனிக்கிழமை காலையில் கையில் கயிறோடு ஒருவர் கடைக்கு வந்தார். கூடலூர் நல்லகண்ணு. கௌமாரி வீட்டுக்குப் பக்கத்துத் தெரு.

"மாடு எங்கனப்பா கட்டியிருக்க?"

"எந்த மாடு?"

"என் மாடு காணாமப் போச்சு. கர்ணன் வீட்டுப் பொண்ணுதான் சொல்லுச்சு, எங்கண்ணன் கடைக்கு ஒரு மாடு வழிதவறி வந்து அழுதுக்கிட்டு நிக்குதாம், போயிப் பாருங்கன்னு."

விஜயபாண்டிக்கு வேறு வழி தெரியவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினான். நல்லகண்ணு குனிந்து நன்றாகவே பார்த்தார்.

"இது சீமைப் பசு. எங்களது செவலை," என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மாடு இருக்குன்னு ஊரு பூரா சொல்லி வரவச்சது நீ. என் மாடு கெடைக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் கூடலூர். வாய்க்கால் கரை, வாழைத் தோட்டம் என்று மத்தியானம் முழுக்கத் தேடினார்கள். கடைசியில் கௌமாரி வீட்டுக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்பில் செவலை நின்றுகொண்டிருந்தது. யாரோ புண்ணியவான் அதை மரத்தில் கட்டி வைக்கோலும் போட்டிருந்தார். நல்லகண்ணு மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கௌமாரி சூடாகப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். கயல் தத்தித் தத்தி வந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக "மாமா" என்றது. விஜயபாண்டிக்கு அன்று காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் மறந்துபோனது. கர்ணனை அன்றைக்கும் பார்க்க முடியவில்லை. மூணாறு சவாரியாம்.

"அவுக கோவம் முக்காவாசி ஆறிருச்சுண்ணே," என்றாள் கௌமாரி. "மிச்சம் அந்த மாடுதான்."

ஆடி முழுக்க விஜயபாண்டி உழைத்தான். ஒவ்வொரு வாரமும் கோபத்தின் நிலவரம் அறியக் கூடலூருக்குப் போய்வந்தான். ஒவ்வொரு தடவையும் கர்ணன் சவாரியில் இருந்தான், குழம்பு அடுப்பில் இருந்தது. கொட்டகை மட்டும் எழும்பவில்லை. காது குத்துக்கு முந்தின நாள் ஆட்டமே ஒரு யோசனை சொன்னது. காசு கட்டினால் கொட்டகை இல்லாமலே ஒரு மாடு தருமாம். கழுத்தில் தங்க மணி கட்டின விசேஷ மாடு.

விஜயபாண்டி எழுந்து போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். ஆட்டத்துக்குள் காசு போடுகிறவனை மனிதனாகவே மதிக்காதவன் அவன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கார்டு நம்பரை அடித்து, மாட்டை வாங்கிக் கர்ணனுக்கு அனுப்பினான்.

"இல்லாத மாட்டுக்குக் காசா?" என்றாள் பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற பேச்சி.

"தாய்மாமன் சீருல சேத்துக்க," என்றான் அவன் திரும்பாமல்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அவுக சிரிச்சுட்டாகண்ணே," என்றாள் கௌமாரி. அவள் குரலிலும் சிரிப்பு இருந்தது.

காது குத்து சிறப்பாக நடந்தது. கயல் அவன் மடியில்தான் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கோயிலே அதிர அழுதது. விஜயபாண்டிக்கும் கண் கலங்கிவிட்டது. அதை அவன் மறைக்கவில்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது கர்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நான் சவாரி போற நேரமெல்லாம் வந்து பாத்துட்டுப் போறீகளாம்ல. கட்டிக்குடுத்ததுல இருந்து அண்ணன் வரல, அண்ணன் வரலன்னு ஒரே பொலம்பல். இப்பத்தான் அவ முகம் தெளிஞ்சிருக்கு."

விஜயபாண்டி அவன் பக்கம் திரும்பினான். "மாப்ள, அந்த மாட்டு விசயத்துல எம்மேல ஒண்ணும் வருத்தமில்லையே?"

"எந்த மாடு மச்சான்?"

"நீங்க கம்ப்யூட்டர்ல அனுப்புனது. நான் வேணாம்னு சொன்னது."

"நானா?" கர்ணன் சிரித்தான். "எனக்குக் கியரு போடத்தான் தெரியும். அந்தப் பெட்டியத் தொட்டதே இல்ல."

விஜயபாண்டி தலையைத் தூக்கினான். பந்தியின் அந்தக் கடைசியில் கௌமாரி பாயச வாளியோடு நின்றாள். இந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதில் மிகவும் கவனமாக இருந்தாள்.

"நீங்க சீராக் குடுத்த பெட்டியில எம்பேரப் போட்டு அவதான் என்னமோ ஆடுறா மச்சான்," என்றான் கர்ணன். "நீங்க பொங்கலுக்குச் சொல்லிக் குடுத்த வித்தையாம்ல, வராத ஆளையும் வர வச்சுருமாம். யார வரவைக்க இம்புட்டுப் பாடுன்னு கேட்டா, சொல்லாமச் சிரிக்கிறா."