மூஞ்சி இல்லாத இஞ்சின்

"ஏப்பா, மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கப் போட்டு அதுக்குச் சக்கரம் மாட்டுனது யாரு?"

ஏணியில் நின்றிருந்த ராபர்ட் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுத் திரும்பினான். எதிர்வீட்டு வாசலில் அறுபதைத் தாண்டிய ஒருவர் பல் குச்சியோடு நின்றிருந்தார்.

"இது ரயில் இஞ்சின்" என்றான் ராபர்ட்.

"இஞ்சினா? மூஞ்சி எங்க?"

"இஞ்சினுக்கு எதுக்குப் பெரியவரே மூஞ்சி?"

"மூஞ்சி இல்லாதது எப்பிடி இஞ்சினாகும்? முன்னாடி வட்டமா ஒரு கதவு, அதுக்கு மேல நடுவுல ஒத்த லைட்டு. அதுதான் மூஞ்சி. நீ பஸ்சு மாதிரி ரெண்டு கண்ணு வச்சிருக்க. சிம்னியைக் கொண்டுபோய் முதுகுல நட்டுருக்க. பாக்கச் சகிக்கல."

ராபர்ட்டுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 'ராபர்ட் ஆர்ட்ஸ்' என்று போர்டு மாட்டிப் பதினாறு வருஷம் ஆகிறது. டெய்லர் கடை, சைக்கிள் கடை, சர்ச் கன்வென்ஷன் பேனர் என்று எழுத்து வேலைதான் வந்துகொண்டிருந்ததே தவிர, படம் போட ஒருதடவை கூப்பிட்டவர் யாரும் மறுதடவை கூப்பிட்டதில்லை. இப்போதுதான், இந்த எண்பத்தாறாம் வருஷம், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி நடத்தும் சுப்புராஜ் முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார். வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கம், தெருவைப் பார்த்து, இருபதடி நீளத்துக்கு ஒரு ரயில் இஞ்சின்.

"எப்பிடிப் போடணும் மொதலாளி?" என்று அவன் கேட்டதற்கு, "உனக்கு எப்பிடி வருதோ அப்பிடியே போடு" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் ராபர்ட் குளிர்ந்துபோயிருந்தான். அப்பேர்ப்பட்ட வேலையைப் பல் குச்சிக்காரர் ஒருவர் சகிக்கவில்லை என்பதா?

"உங்க சோலியைப் பாத்துட்டுப் போங்க. மொதலாளி வந்து சொல்லட்டும்."

சாயங்காலம் சுப்புராஜ் வந்தார். சுவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம். இதுக்கு மேல ஒரு கோடு இழுக்காதே. நாளைக்கு வந்து வார்னிஷ் மட்டும் அடிச்சுட்டுப் போயிரு."

ராபர்ட் ஜெயித்த மாதிரிதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினான். ஆனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மூஞ்சி இல்லையாமே! காலையில் முதல் வேலையாக ஸ்டேஷனுக்குப் போனான், அந்தக் கிழவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க. பாசஞ்சர் வந்து நின்றது. நீராவி இஞ்சினுக்கு முன்னால் வட்டக் கதவு இருந்தது. மேலே நடுவில் ஒற்றை விளக்கு இருந்தது. சிம்னி முன்னால்தான் இருந்தது. ராபர்ட் அந்த இஞ்சினையே அறைந்துவிடுவான் போல முறைத்தான்.

ராஜபாளையம் வந்ததும் வார்னிஷ் டப்பாவை மூடியே வைத்துவிட்டுப் பழைய முன்பக்கத்தை வெள்ளையடித்து அழித்தான். மத்தியானத்துக்குள் புது மூஞ்சி வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தெருவில் இறங்கி வந்து பார்த்தார்.

"இப்ப மூஞ்சி சரி. ஆனா காலு?"

"காலுக்கு என்ன கேடு?"

"சின்னச் சின்னதா எட்டுச் சக்கரம் வச்சா பலசரக்கு வண்டி மாதிரித்தான் இருக்கும். பெருசா வையி, எண்ணிக்கையைக் கொறை. சக்கரத்தைச் சேத்து ஒரு ராடு போகும், அதைச் சாய்ச்சுப் போடு. அழகுங்கிறது சாமானை நெறைச்சு வைக்கிறதுல இல்லப்பா. நின்ன எடத்துலயே ஓடுத மாதிரித் தெரியணும்."

"நீங்க என்ன ரயிலைப் பெத்தவரா?"

"முப்பத்திரண்டு வருசம் ஓட்டுனவன். ரிட்டயர்டு டிரைவர் தனுஷ்கோடி."

ராபர்ட்டுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. தெரிந்தவர் சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசவும் முடியாதே! பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரங்களைப் பெரிதாக்கினான். ராடைச் சாய்த்தான். இஞ்சின் சுவரை விட்டுக் கிளம்பப்போவது போல நின்றது.

அந்த நேரம் பார்த்து சுப்புராஜின் கார் வந்தது. இறங்கியவர் சுவரைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போனார்.

"ஏமிரா இதி?" என்று தெலுங்கில் கத்தினார். "யோவ், என்ன இது? உன்னை யாரு இதுல கை வைக்கச் சொன்னது?"

"இன்னும் நல்லா வரட்டுமேன்னுதான் மொதலாளி..."

"நல்லா வரணும்னு நான் கேட்டனா? நேத்து இருந்தது எங்க?"

"அது தப்பு மொதலாளி. மூஞ்சி இல்ல."

"மூஞ்சியாவது மண்ணாங்கட்டியாவது! இந்தக் கரி இஞ்சினே எனக்கு வேண்டாம். அழிச்சுட்டு டீசல் போடு. மூக்கும் முழியும் ஒண்ணும் வேண்டாம், சும்மா நீளப் பெட்டி. கலர் நான் சொல்றேன். கீழ ஊதா, மேல பச்சை."

"ஊதாவும் பச்சையுமா? கண்ணு வலிக்குமே!"

"வலிக்கட்டும்!"

கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவு பெரிய கம்பெனி நடத்துகிறவருக்கு எம்புட்டு மட்டமான ரசனை என்று ராபர்ட் வயிறெரிந்தான். நல்ல இஞ்சினை வெள்ளையடித்து அழித்தான். மறுநாள் முழுக்க டீசலைப் போட்டான். ஊதாவையும் பச்சையையும் கோபத்தோடு அப்பினான். சுவரில் பெட்டி ஒன்று படுத்திருந்தது.

"பாவம்ப்பா" என்றார் தனுஷ்கோடி. "டீசலை இப்பிடி அவமானப்படுத்தக் கூடாது."

"அசிங்கமான இஞ்சினை நான் எப்பிடி அழகாக்க? அதுவே பெட்டிதானே!"

"யாரு சொன்னா? நீராவி இஞ்சினுக்கு எலும்பு வெளியில தெரியும், அது ஒரு அழகு. டீசலுக்கு எல்லாம் உள்ள இருக்கு. அதுக்குக் கோடுதான் அழகு. இந்த ஊதாவும் பச்சையும் ஏன் சண்டை போடுது? நடுவுல யாரும் இல்ல. சந்தனக் கலர்ல ஒரு பட்டை விடு. மூக்குல தொடங்குனா வால் வரைக்கும் எங்கயும் முறியாமப் போகணும். மூக்கு நுனியில செத்தக் கீழ வளைச்சுக் கொண்டா."

"மொதலாளி திட்டுவாரு."

"நல்ல வேலை செஞ்சா யாருப்பா திட்டுவா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்படியும் ராபர்ட் முணுமுணுத்துக்கொண்டேதான் பட்டையை இழுத்தான். இழுத்து முடித்து ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தான். கண்ணைக் குத்திய இரண்டு கலரும் சமாதானமாகிவிட்டிருந்தன. இருபதடிப் பெட்டி நீண்டு, குனிந்து, வேகம் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது. போகிற சைக்கிள்கள் நின்றன. தனுஷ்கோடி உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, காப்பி டம்ளரோடு இஞ்சினைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"இனிமே தினமும் காலையில எனக்கு இங்கதான் காப்பி" என்று சத்தமாகச் சொன்னார்.

வீட்டுக் கதவு திறந்தது. சுப்புராஜ் சுவரைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். காப்பி டம்ளரைப் பார்த்தார். வந்த வேகத்தில் பச்சைப் பெயிண்ட் டப்பாவை ஓங்கி உதைத்தார்.

"போயிரு! என் கண்ணு முன்னால நிக்காதே! என் மானத்தையே வாங்கிட்டியேய்யா!"

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் ராபர்ட்டுக்குப் பொங்கிவிட்டது.

"போறேன் மொதலாளி! ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அசிங்கமாப் போட்டப்போ பிரமாதம்னீங்க. அழகாப் போட்டா உதைக்கிறீங்க. உங்களுக்குக் கண்ணு இருக்கு, பார்வை இல்ல! என்னை மாதிரி ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிட உங்களுக்கு என்ன தகுதி இருக்கு?"

சுப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ராபர்ட் மூச்சு வாங்கிக்கொண்டே பிரஷ்களைப் பொறுக்கிப் பையில் திணித்தான். ஏணியைத் தோளில் ஏற்றினான். வாசல் பெருக்க வந்த வேலைக்காரி வெள்ளத்தாய் விளக்குமாற்றோடு அருகில் வந்தாள்.

"நீங்க பாட்டுக்கு ஏன்ணே அவியகிட்ட மல்லுக்கு நிக்கீக?"

"பின்ன என்ன தாயி? இந்த மனுசனுக்கு என்னதான் வேணும்?"

வெள்ளத்தாய் எதிர்வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொதலாளிக்கும் அந்த டிரைவருக்கும் எட்டு வருசமா ஆகாதுண்ணே. வாசல் கதவைத் தொறந்தா அந்த மனுசன் கண்ணு அவிஞ்சு போகணும்னுதான், விருதுநகர்ல இருந்து தென்காசி வரைக்கும் ஆள் விட்டு விசாரிச்சு, இருக்கதுலயே மட்டமாப் படம் போடுத பெயிண்டரு நீங்கதான்னு கூட்டியாரச் சொன்னாக."