ரசீது இல்லாத எடை மெஷின்

"ரசீது இருக்கா சார்?"

கவுன்டரில் நின்ற பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் எதிரே நின்ற 'ஒரிஜினலு'க்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வியைக் கவுன்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவர் அவர். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் செக்‌ஷன். கையில் மாவுக்கட்டோடு வந்து நிற்பவரிடமும் "ஒரிஜினல் இருக்கா?" என்பார். ஜெராக்ஸைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸில் யாருக்கும் ஞாபகமில்லை. ஒரிஜினல் என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

"ரசீது இல்லம்மா. ஆனா இங்க வாங்கினதுதான். கடைப் பேரு ஒட்டியிருக்கு பாரு."

"கடைப் பேரு இருக்கு சார். வாங்கினவர் பேரு இல்லையே?"

இந்தப் பதிலையும் அவர் பல பேருக்குச் சொல்லியிருக்கிறார். வாங்கிக்கொள்ளும்போதுதான் அதன் எரிச்சல் தெரிந்தது.

கவுன்டர் மேல் கிடந்தது எடை பார்க்கும் மெஷின். கண்ணாடி மேல்பாகம், மின்னும் எண்கள். கல்யாண நாளுக்கு மனைவிக்குக் கொடுக்க ஒரு மனுஷனுக்கு எடை மெஷின் எப்படித் தோன்றும் என்று கேட்காதீர்கள். தோன்றிவிட்டது. உழைக்கும், துல்லியமாகக் காட்டும், இரண்டு வருட வாரண்டி என்று கணக்குப் போட்டார்.

மனைவி பிரித்துப் பார்த்துவிட்டு, "யாருக்கு இது?" என்றாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும்தான்" என்றதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? "முக்கியமா உனக்கு" என்றார். அதற்கு அவள் ஏதோ சொல்ல, இவர் சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஏதோ சொன்னார். என்ன சொன்னோம் என்று இப்போது அவருக்கே ஞாபகமில்லை. அன்றைக்கு மூடிய வாயை அவள் இருபத்தாறு நாளாகத் திறக்கவில்லை.

பேசவில்லை என்றால் அவரிடம்தான். செய்தி எல்லாம் மாமனார் வழியாக வந்தது. மாமனார் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரே ஹாலில் மூன்று பேரும் உட்கார்ந்திருப்பார்கள். மகள் சொல்வதைக் காதில் வாங்கி, தலையை இந்தப் பக்கம் திருப்பி, "மாப்ளே, கேஸ் சிலிண்டர் தீரப்போகுதாம்" என்பார். ஒரு சொல் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். நாற்பது வருடத்துப் பழக்கம்.

முன்பெல்லாம் ஆபீஸ் விட்டு வந்தால் அவள் அன்றைய கதை முழுவதையும் சொல்வாள். இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" போடுவார். இப்போது பேப்பரைக் கடைசிப் பக்கத்து ஏல அறிவிப்பு வரை படித்தாலும் ஒன்றும் மனதில் ஏறவில்லை. அவள் குரல் இல்லாமல் வீட்டில் இருக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

அவள் கோபமோ நாளுக்கு நாள் ஏறியது. சமாதானத்துக்கு வாங்கிப்போன இனிப்பை விரலால்கூடத் தொடவில்லை. ராத்திரி அவரோடு சாப்பிட உட்காருவதில்லை. அவர் வீட்டுக்குள் நுழைகிற நேரம் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனால், திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஊரைச் சுற்றுகிறாளே என்று நினைத்துக்கொண்டார். அந்த மெஷினைக்கூடக் குளியலறை மூலையில் தள்ளி, கண்ணில் படாமல் துண்டைப் போட்டு மூடியிருந்தாள். எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். அது தொலைந்தால் பேசுவாள் என்று முடிவு கட்டி, அவள் வெளியே போயிருந்த சனிக்கிழமை சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நுகர்வோர் உரிமைன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமாம்மா?"

"தெரியும் சார். பழுதான பொருளுக்கு இருக்கு. வேண்டாத பொருளுக்குக் கடை மனசு வச்சாத்தான் உண்டு. அதுக்கும் ரசீது வேணும்."

ஒரிஜினல் சட்டென்று கட்சி மாறினார். "இதுவும் பழுதுதான். எடையைத் தப்பாக் காட்டுது."

கவுன்டர் பெண் விளையாட்டுச் சாமான் பிரிவிலிருந்து ஐந்து கிலோ இரும்புக் குண்டை எடுத்துவந்து வைத்தாள். ஐந்து என்று காட்டியது.

"ஆளுக்குத்தான் தப்பாக் காட்டும்."

"ஏறுங்க சார்."

ஏறினார். எண்பத்து நான்கு புள்ளி ஆறு. கடையின் வேறொரு மெஷினைக் கொண்டுவந்து போட்டாள். அதிலும் அதே எண்.

"ரெண்டும் கரெக்டா ஒத்துப்போகுதே" என்றார் வரிசையில் பின்னால் நின்றவர். அவருக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "எவ்வளவாம்?" என்று கேட்டார். ஒரிஜினல் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறி, மனைவி திரும்புவதற்குள் பழையபடி குளியலறையில் துண்டைப் போட்டு மூடி வைத்துவிட்டார்.

இனி ரசீதுதான் வழி. அலமாரியைக் குடைந்தார், சட்டைப் பைகளைத் துழாவினார். கிடைக்கவில்லை. கடைசியில் மாமனாரிடம் போனார்.

"மாமா, அந்த மெஷின் ரசீதைப் பாத்தாளான்னு கேளுங்க."

மாமனார் தலையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு இந்தப் பக்கம் திருப்பினார். "எதுக்குன்னு கேக்கறா."

"ஆபீஸ்ல ஆடிட்டு."

"வீட்டு மெஷினுக்கு ஆபீஸ்ல என்ன ஆடிட்டுன்னு கேக்கறா."

"சும்மாதான்னு சொல்லுங்க."

மனைவி இந்தத் தடவை சற்று அதிக நேரம் அப்பாவின் காதில் பேசினாள். "ரசீது அவகிட்ட பத்திரமா இருக்காம். எக்காரணம் கொண்டும் தர மாட்டாளாம்."

ஒரிஜினல் கணக்குப் போட்டார். நான் செய்த குற்றத்துக்கு ஆதாரம் சேர்க்கிறாள்! நாளைக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும்போது எடுத்து நீட்டப்போகிறாள்.

மறுநாள் காலையில் குளியலறைக்குள்ளிருந்து அவள் பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. தன்னை வெறுப்பேற்றத்தான் பாடுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கக் கிளம்பியதும் மெஷினோடு மறுபடி கடைக்கு ஓடினார். போகும்போது மாமனார் பார்த்தார்; பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இந்த முறை நேராக மேனேஜர்.

"ரசீது மட்டும்தான் ஆதாரமா சார்? உங்க கேமராவைப் போட்டுப் பாருங்க. தேதி தெரியும், நேரம் தெரியும். அன்னைக்கும் இதே சட்டைதான்."

மேனேஜர் கணினியைத் தட்டினார். திரையில் அதே சாம்பல் நிறச் சட்டையோடு ஒரிஜினல் வந்தார். மெஷினைக் கையில் எடுத்தார். பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். கைப்பைகள் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். இவர் கேட்கவில்லை. அவள் மெஷினைப் பிடித்து லேசாக இழுக்கக்கூடச் செய்தாள்.

"அட, நான்தான் சார் அது!" என்றாள் கவுன்டர் பெண். "மேடத்துக்குன்னா ஹேண்ட்பேக் பாருங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

அதற்குள் வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேர் திரைக்கு முன்னால் கூடிவிட்டார்கள். "பாவம், அவ்வளவு சொல்லியும்..." என்று ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வாங்கினதுக்கு ஆதாரம் கிடைச்சிடுச்சு சார். ஏன் வாங்கினீங்கன்றதுக்குத்தான் இல்ல. பழுதில்லாத பொருளை நாங்க திரும்ப எடுக்கறதில்ல. ஆனா நானும் கல்யாணம் ஆனவன்தான். வேற ஏதாவது பொருள் எடுத்துக்கங்க."

ஒரிஜினலுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் திருப்பி அனுப்பிய மாவுக்கட்டுக்காரர்கள் ஒரு கணம் நினைவுக்கு வந்தார்கள். அடுத்த கணம் போய்விட்டார்கள். கடையிலேயே பெரிய டப்பாவாகப் பார்த்து, பாதாம் பதித்த சாக்லேட் ஒன்றை எடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம்." கவுன்டர் பெண் மெஷினை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏறி நின்னதெல்லாம் தேதியோட இதுல பதிவாகியிருக்கு. அழிச்சிட்டுத்தான் உள்ள வைக்கணும். அழிச்சிடட்டுமா?"

எண்பத்து நான்கு புள்ளி ஆறு அவர் கண்முன் வந்து நின்றது.

"முதல்ல அதைச் செய்யும்மா" என்றார். அவள் பொத்தானை அழுத்தினாள். கீங் என்றது. ஒரிஜினலுக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குளியலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் அந்தத் துண்டு மட்டும் இருந்தது. மாமனார் நாற்காலியில் இருந்தார்.

ஒரிஜினல் சாக்லேட் டப்பாவை மேஜை மேல் வைத்து, அவள் பக்கம் தள்ளினார்.

"திருப்பிக் குடுத்துட்டேன்! ரசீதே இல்லாம! எவ்வளவு அவமானப்பட்டேன்னு கேளு. எல்லாம் உனக்காகத்தான். தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிடு. உன் குரலைக் கேட்டு ஒரு மாசமாச்சு. இனிமேலாவது பேசேன்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். பிறகு போய் அப்பாவின் காதில் குனிந்தாள். நெடுநேரம் பேசினாள்.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு தலையை இந்தப் பக்கம் திருப்பினார்.

"மாப்ளே, 'முதல்ல மூணு கிலோ குறைச்சுக் காட்டு, அப்புறம் பேசு'ன்னு கல்யாண நாளன்னைக்கு நீங்கதான் சொன்னீங்களாம்; இன்னைக்குக் காலையிலதான் குறைஞ்சுதாம், ஒரிஜினல் அந்த மெஷினுக்குள்ளதான் இருந்துதாம்."