ஜெயபாலன் கிராணியின் பாட்டுப் பரீட்சை

பவித்ரன் போனில் இருந்த உருமி மேளப் பாட்டுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். மொத்தம் நாற்பத்திரண்டு. பெற்ற பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பது மாதிரி இருந்தது. என்ன செய்வது, இன்று காதலி தினேஸ்வரியின் அப்பா ஜெயபாலன் அவன் காரில் ஏறப்போகிறார்.

ஜெயபாலன் எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஆட்களை அதட்டியவர். காரில் என்ன பாட்டு ஓடுகிறதோ அதுதான் ஆளின் குணம் என்பது அவர் கட்சி. முன்பு பெண் பார்க்க வந்த லூமுட் மாப்பிள்ளை காரில் சோகப் பாட்டு போட்டான். காதல் தோல்விக் கேஸ் என்று தள்ளிவிட்டார். தெலுக் இந்தான் மாப்பிள்ளை பாட்டே போடவில்லை, கல்நெஞ்சனாம். உருமி கேட்பவன் ரவுடி, அதில் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வருஷக் காதல் இதில் கவிழ்ந்தால் பவித்ரனுக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை.

நல்லவேளை, நண்பன் தர்மா பக்திப் பாட்டாக ஏற்றிக் கொடுத்திருந்தான்.

ஈப்போவில் அவர்கள் வீட்டு வாசலிலேயே மூவரும் ஏறினார்கள். ஜெயபாலன் முன்னால், அவர் மனைவி மங்களமும் தினேஸ்வரியும் பின்னால். கோயிலுக்குப் பயணம். முருகன் பாட்டு ஓடியது. கிராணி தலையாட்டினார். தன் போனில் பேட்டரி கம்மி என்று நீட்டினார். பவித்ரன் பவ்யமாக வாங்கி, காரின் சார்ஜ் வயரில் செருகினான். அப்புறம் அவனுடைய கார் ஃபேக்டரி வேலையைப் பற்றி விசாரித்தார். பதில் சொல்லி முடிப்பதற்குள் முருகன் நின்றுபோனார்.

டமடமவென்று உருமி முழங்கியது.

ஒன்றை அழிக்காமல் விட்டுவிட்டேனே பாவி! பவித்ரன் அடுத்த பாட்டுக்குத் தட்டினான். குடிகாரப் பாட்டு. மறுபடி தட்டினான். ஒரு பெண் குரல் கொஞ்சிக் குழைந்து யாரையோ கட்டிலுக்குக் கூப்பிட்டது. பதற்றத்தில் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று கூட்டிவிட்டான். பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, இது என் பாட்டு இல்ல மாமா. தர்மா பண்ண வேலலா."

ஏர்கோன் குளிரிலும் ஜெயபாலனின் நெற்றி வேர்த்தது. கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று பவித்ரன் காரை ஓரம் கட்டினான்.

"மாப்ள" என்றார் அவர். "தை மாசம் தேதி வச்சுக்கலாம். மொதல்ல அத நிப்பாட்டுங்க."

மாப்பிள்ளையா! போன உயிர் திரும்பி வந்தது பவித்ரனுக்கு. கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் எப்படி என்றுதான் விளங்கவில்லை. நிறுத்தும் பொத்தானைத் தேடித் தடவினான்.

பின்னாலிருந்து மங்களம் சாவகாசமாகச் சொன்னாள்:

"எதையும் அமுக்காதீங்க தம்பி. வயர்லேர்ந்து மாமா போனக் கழட்டுங்க, தானா நின்னுரும்."