நாலு மணி டீ குடிக்கிற அடைகல்

வடக்குப்பட்டு கூட்ரோடு,
12-8-2005

அரக்கோணத்தில் இருக்கும் கொழுந்தன் கோபாலுக்கு அண்ணி கனகம் எழுதுவது. நலம் என்று எழுத வேண்டும், அதனால் நலம். உன் வீட்டார் நலத்துக்கு அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தம்பி, உடனே ஒரு லாரி வச்சிகினு வந்து, உங்கண்ணன் இரும்படிச்ச அடைகல்லை எடுத்துகினு போயிடு. ரோடு அகலம் பண்றவங்க பட்டறைச் சுவத்துல சிவப்புப் பெயிண்ட் போட்டுட்டாங்க, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை இடிக்கிறாங்களாம். எதிர்ல நம்ம வூடு தப்பிச்சிடுச்சி. இங்க ஒரு பனைமரமும் ஒரு பஸ்ஸும் மட்டும் இருந்தப்போ, கம்பெனி வரப்போவுதுன்னு கேட்டு தொண்ணூத்தெட்டுல இவரு போட்ட பட்டறை. முதல் கம்பெனிக்குப் பள்ளம் தோண்டின கடப்பாரை எல்லாம் இவரு அடிச்சதுதான். காம்பவுண்டு சுவரு எழும்பினதும் வாச்மேன் இவரையே உள்ள விடல. "நான் இல்லாட்டி நீ காவல் காக்க சுவரே இல்லடா"ன்னு சிரிச்சிகினே வந்தாரு.

அவரு போயி ஆறு மாசமாவுது. சாயந்திரம் நாலு மணிக்கு நான் கண்ணசந்தா டங்கு டங்குன்னு கேக்குது. கம்பெனியில தகடு அழுத்துற மிசினு, தெரியும். தூக்கத்துல தெரியாது பாரு. எழுந்து, சர்க்கரை தூக்கலா டீ போட்டு, ரோட்டைத் தாண்டிப் போயி எப்பவும் போல அடைகல் மேல வச்சப்புறந்தான் அவரு இல்லன்ற நெனப்பு வரும். அப்படியே விட்டுட்டு வந்துடுவேன். அமாவாசைக்குப் பட்டறை லீவு இல்லியா, அன்னிக்குக் கல்லைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைக்கிறதையும் விடல. இதை ஷிப்ட் முடிஞ்சி வந்த திருநெல்வேலிக்கார இசக்கி பாத்துட்டான். நாயி குடிச்சிட்டுப் போன காலி கிளாசைப் பாத்து, "யக்கா, சாமி டீ குடிக்கி"ன்னு கன்னத்துல போட்டுகினான். மறுநாள் அவனும் ஒரு டீ வச்சான். அந்த வாரமே அவனைப் பெர்மனன்ட் பண்ணிட்டாங்க. இப்ப அவன் தங்கியிருக்கிற கம்பெனி ஹாஸ்டலே டீயோட வருது. நாயி ரெண்டு சுத்து பெருத்துடுச்சி. "சாமி இல்லப்பா, எங்க வூட்டுக்காரரு இரும்படிச்ச கல்லு"ன்னா, "எல்லாச் சாமியும் முன்னாடி கல்லுதானக்கா"ங்கிறான்.

கல்லு உடையாம உன்கிட்ட வந்துடணும். அப்புறம் சத்தம் கேட்டு எழுந்தா டீயை எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல.

பிள்ளைங்க நூறு வருசம் நல்லாருக்கணும். இருமினா உடனே டாக்டர்கிட்ட காட்டு, உங்கண்ணன் இருமினப்போ நான் சும்மா இருந்த மாதிரி இருந்துடாதே.

இப்படிக்கு,
அண்ணி கனகம்

பி.கு.: இதைத் தபால்ல போடப் போறப்போ ரோடு அளக்கறவரு வந்தாரு. கல்லு மேல பத்து கிளாசு, ஊதுவத்தி. செருப்பைக் கழட்டிட்டு, "கோயிலை இடிக்கச் சொன்னது யாருய்யா?"ன்னு ஆளுங்களைத் திட்டி, ரோட்டுக்கு அளந்து போட்ட கோட்டை எதிர்ப்பக்கம் தள்ளிட்டாரு. எதிர்ப்பக்கம் நம்ம வூடு. அதனால கல்லைத் தொடாதே. லாரி மட்டும் வரட்டும், கட்டிலும் பாத்திரமும் ரோட்டைத் தாண்டணும். நான் பட்டறையிலயே இருந்துக்கறேன். வரும்போது ஒரு கிளாசு எடுத்துகினு வா. இருக்கிறதெல்லாம் அவருக்கே ஆவுது.